பச்சை அம்பு வந்த வழி

வத்தல்மலையில் பக்கத்துத் தோட்டக்காரரின் மகன் மடிக்கணினியில் ஒரு பங்குச் சந்தை சார்ட்டைக் காட்டினான். விலை அடிமட்டத்தைத் தொட்ட இடத்திலெல்லாம் கீழே பச்சை அம்பு, உச்சியில் எல்லாம் சிவப்பு அம்பு. ஒன்றுகூடத் தப்பவில்லை. "பெரியப்பா, இந்த கோடிங்கை ஒருத்தர் விக்கிறார். வாங்கலாமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அந்த அம்பு எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

1978-ல் அமெரிக்காவில் வெல்ஸ் வைல்டர் என்ற இயந்திரப் பொறியாளர் ஒரு புத்தகம் போட்டார். இன்று எல்லோரும் சொல்லும் ஆர்.எஸ்.ஐ., ஏ.டி.எக்ஸ்., பாரபாலிக் எஸ்.ஏ.ஆர். எல்லாம் அந்த ஒரே புத்தகத்தில் வந்தவை. அதில் எனக்குப் பிடித்தது அவருடைய சராசரிக் கணக்கு. 14 நாள் சராசரி என்றால் தினமும் 14 எண்களைக் கூட்டத் தேவையில்லை. நேற்றைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய எண்ணைக் கூட்டி, 14-ஆல் வகுத்தால் போதும். கையால் கட்டம் போட்ட தாளில் கணக்குப் போடுபவருக்கு அது எவ்வளவு உபகாரம்! கணினிக்கு அந்தச் சலுகையே தேவையில்லை. ஆனாலும் இன்றுவரை கணினிகள் ஆர்.எஸ்.ஐ.க்கு அந்தக் கைக்கணக்கையேதான் போட்டுக்கொண்டிருக்கின்றன.

அப்போது நம் ஊரில் கணினித் திரை ஏது? சென்னைப் பங்குச் சந்தையில் தரகர்கள் கூடி நின்று குரல் கொடுத்து வியாபாரம் செய்த காலம். விலை மறுநாள் செய்தித்தாளில் வரும். ஆர்வம் உள்ளவர்கள் அதைப் பார்த்து கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைப்பார்கள். 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை திரை வழியாகப் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. மறு வருஷம் மும்பைப் பங்குச் சந்தையும் திரைக்கு மாறியது. விலை உடனுக்குடன் எண்ணாகக் கிடைக்க ஆரம்பித்ததும், அதை வரைந்து காட்டும் மென்பொருளுக்கும் இங்கே வேலை வந்தது.

அமெரிக்காவில் மெட்டாஸ்டாக், டிரேட்ஸ்டேஷன் போன்றவை ஏற்கெனவே இருந்தன. இந்தியச் சிறு வர்த்தகர்களிடம் அதிகம் பரவியது அமிபுரோக்கர். போலந்துக்காரர் டோமாஸ் யானெச்கோ 1990களின் நடுவில் அமிகா என்ற கணினிக்காக எழுதியது. பெயரில் உள்ள 'அமி' அங்கிருந்து வந்ததுதான். அதோடு ஏ.எஃப்.எல். என்ற சின்ன நிரல்மொழியும் வந்தது. 'பிளாட்' என்று எழுதி, எந்த எண்ணை வரைய வேண்டும், என்ன பெயர், என்ன நிறம், எந்தப் பாணி என்று நான்கைச் சொன்னால் கோடு வந்துவிடும். ஆர்.எஸ்.ஐ. 70-க்கு மேலே போனால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்பது ஒரே வரி. அந்த 70-ஐ 60 என்று மாற்றிப் பாருங்கள், பச்சையாக இருந்த பல நாட்கள் சிவப்பாகிவிடும். சந்தையில் ஒரு பைசாகூட மாறியிருக்காது.

எங்கள் மலையில் காபிப் பழம் சிவந்தால் பறிப்போம். அந்தச் சிவப்பு பழத்துக்குள்ளிருந்து வருவது. சார்ட்டின் சிவப்போ, எழுதியவர் பூசுவது. இதை அந்தத் தம்பி உடனே பிடித்துக்கொண்டான்.

இனி அம்புக்கு வருகிறேன். அமிபுரோக்கரில் 'ஸிக்' என்று ஒரு கட்டளை உண்டு. சில்லறை ஏற்ற இறக்கத்தை ஒதுக்கி, பெரிய திருப்பங்களை மட்டும் இணைத்துக் கோடு போடும். 5 சதவீதம் என்று வைத்தால், 100 ரூபாய்க்கு இறங்கிய பங்கு 105 ஆன பிறகுதான் 100 அடிமட்டம் என்று அதற்கே தெரியும். ஆனால் அம்பை 105-க்குக் கீழே போடாது. பின்னோக்கிப் போய் 100-க்குக் கீழே போடும். பழைய சார்ட்டில் பார்ப்பவருக்கு 100-லேயே வாங்கச் சொன்ன மாதிரி இருக்கும். நேரடியாக உட்கார்ந்து பார்த்தால், இன்று முளைத்த அம்பு நாளை இன்னும் கீழே நகர்ந்துவிடலாம். இந்தக் கட்டளை எதிர்கால விலையைப் பார்க்கிறது என்று அமிபுரோக்கரின் கையேடே எச்சரிக்கிறது. மென்பொருள் எதையும் மறைக்கவில்லை. அம்பு விற்கிறவர்தான் அந்தப் பக்கத்தைக் காட்டுவதில்லை.

இதில் போவது சின்னப் பணம் அல்ல. பங்கு சார்ந்த எஃப் அண்டு ஓ வர்த்தகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எல்லாம் அம்பால் வந்தது என்று சொல்ல மாட்டேன். அம்பு அவர்களைக் காப்பாற்றவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இப்போது இளைஞர்கள் டிரேடிங்வியூவுக்கும் அதன் பைன் ஸ்கிரிப்டுக்கும் போய்விட்டார்கள். அங்கே இதற்கு 'ரீபெயின்ட்' என்று பெயர், போட்டதை அழித்து மறுபடி பூசுவது. பார் முடிந்த பிறகே அம்பு போடு என்று ஒரு நிபந்தனை சேர்க்கவும் அதில் வழி உண்டு.

தம்பியை அந்த ஏ.எஃப்.எல். கோப்பின் மாதிரியை வாங்கி, அதில் 'ஸிக்', 'பீக்', 'டிரஃப்' என்ற மூன்று சொற்களையும் தேடச் சொன்னேன். 'ரெஃப்' என்ற சொல்லுக்குள் மைனஸ் இல்லாத எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது நாளைய விலையைக் கேட்பது. விற்பவர் கோப்பைத் திறந்து காட்ட மறுத்தால், தினமும் மாலை சார்ட்டை ஒரு படம் எடுத்து வைத்து, பத்து நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.