மெகர் பாபாவின் தன்னறிவுக் கோட்பாடு

புணேயின் கேம்ப் பகுதியில் வேப்பமரத்தடியில் வாழ்ந்து 1931இல் மறைந்த சூஃபி ஞானி ஹஸ்ரத் பாபாஜானை, டெக்கான் கல்லூரி மாணவராயிருந்த மெர்வான் ஷெரியார் இரானி 1913இல் சந்தித்தார். பின்னாளில் மெகர் பாபா (1894–1969) எனப் பெயர்பெற்ற இவரது தன்னறிவுச் சிந்தனைக்கு அச்சந்திப்பே தொடக்கமாகும். உயிர் ஒவ்வொன்றும் ‘நான் யார்?’ என்ற வினாவுக்கு விடை தேடிக் கல், உலோகம், தாவரம், புழு, மீன், பறவை, விலங்கு ஆகிய வடிவங்களைக் கடந்து மனித வடிவில் முழு உணர்வை எய்துகிறது என்றும், ஆயினும் அனுபவங்கள் மனத்தில் விட்டுச்செல்லும் பதிவுகளான சம்ஸ்காரங்கள் அவ்வுணர்வை மூடுவதால் உடலையே தானென்று கொள்ளும் பொய்த்தான் உருவாகிறது என்றும், 1955இல் வெளிவந்த ‘காட் ஸ்பீக்ஸ்’ நூலில் அவர் விளக்கினார். அப்பதிவுகள் ஏழு அகநிலைகளினூடே தேய்ந்தழியும்போது, தான் இறைவனே என்னும் அறிவு விளங்கும். இதே வினாவைத் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி நேரடி விசாரணையாக முன்வைத்தார். மெகர் பாபாவோ அன்பையும் தன்னலமற்ற தொண்டையும் முதன்மை வழியாக்கினார். தனக்கு உண்மையாக வாழ்வதே உயர்வு என்னும் நவீன மேற்கத்தியக் கொள்கைக்கு, பொய்த்தான் பற்றிய அவரது இக்கருத்து வலுவான மறுமொழியாகும். ஏனெனில் அக்கொள்கை காக்க விரும்பும் தனித்த ஆளுமையையே இது ஐயத்திற்குள்ளாக்குகிறது. 1925 ஜூலை 10 முதல் இறுதிவரை பேசாதிருந்த அவர், 1954 வரை எழுத்துப்பலகையாலும் பின்னர் சைகைகளாலும் இவற்றைக் கற்பித்தார்.