இதை யாருப்பா வரைஞ்சது?

2025 மார்ச்சில், எங்கள் குடும்பப் போட்டோவைச் சாட்ஜிபிடியில் கிப்லி பாணிக்கு மாற்றிச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். ஏகப்பட்ட பாராட்டு! ஓவியம் பழகும் மகள் மட்டும், "இதை யாருப்பா வரைஞ்சது?" என்றாள்.

பதிலுக்காகப் பழைய கதைகளைப் புரட்டினேன். 1859-இல் பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியை ஒட்டிப் புகைப்படங்களுக்கும் இடம் தந்தார்கள். கவிஞர் போத்லேர் கொதித்துப் போனார். ஆனால் ஓவியம் அழிந்துவிடவில்லை. இப்போதும் அதே கூச்சல்தான் என்று நினைத்தேன்.

2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் ஆலன் மிட்ஜர்னியில் உருவாக்கிய படத்துக்கு டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசு, 300 டாலர். ட்விட்டரில் திட்டித் தீர்த்தார்கள். டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தை ஓவியர்கள் எதிர்ப்புப் படங்களால் நிரப்பினார்கள். 2023 ஜனவரியில் மூன்று ஓவியர்கள் வழக்கே போட்டார்கள்: எங்களைக் கேட்காமல் எங்கள் படங்களைக் கொண்டு மென்பொருளைப் பழக்கியிருக்கிறார்கள் என்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேமரா எந்த ஓவியரின் படத்தையும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. இது அப்படிக் கற்றுக்கொண்டது. கோபம் இயந்திரத்தின் மேல் மட்டுமில்லை, கேட்காமல் எடுத்ததன் மேலும்தான்.

மகளிடம் சொன்னேன்: "நிறைய பேர் வரைஞ்சதும்மா. அவங்களுக்கே தெரியாம."