பூமிக்கு வயசு பார்த்த கதை

1/ போஸ்ட்மார்ட்டத்துக்குப் போனா போலீஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு இறந்திருப்பார் டாக்டர்?" உடம்பு எவ்வளவு ஆறியிருக்குன்னு பார்த்து உத்தேசமா சொல்லலாம். லார்ட் கெல்வின் 1862-ல் பூமிக்கே இந்தக் கணக்கைப் போட்டார். அதுதான் இந்த த்ரெட்.

2/ சூரியனைச் சுற்றிய தூசியும் கல்லும் மோதி ஒட்டித்தான் கோள்கள் உருவாச்சு. மோதின சூட்டில் பூமி உருகிக் கிடந்தது. கெல்வினும் உருகிய உருண்டையில்தான் ஆரம்பிச்சார். பூமிக்குள்ள ஆழம் போகப் போகச் சூடு ஏறும். அந்த ஏற்றத்தை வெச்சு, பூமி ஆற ஆரம்பிச்சு 2 முதல் 40 கோடி வருஷம் இருக்கும்னார்.

3/ அந்த உள்சூட்டை உடம்பால அறிஞ்சவங்க நம்ம ஆட்கள். கோலார் தங்கவயல்ல 3 கி.மீ. ஆழம் வரை இறங்கினவங்கள்ல நிறையப் பேர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். அடியில பாறையே சுமார் 60 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த காத்தை உள்ளே அனுப்பித்தான் வேலை நடந்தது. 2001-ல் சுரங்கத்தை மூடினாங்க.

4/ கெல்வினோட கூட்டல் கழித்தல் சரி. அனுமானம்தான் தப்பு. 1895-ல் அவரோட பழைய உதவியாளர் ஜான் பெர்ரி சொன்னார்: உள்ளே இருக்கிறது மெதுவா நகர்ந்தா, கொதிக்கிற சாயத்தொட்டி மாதிரி அடிச்சூடு மேலே வந்துட்டே இருக்கும். அப்போ வயசு பல மடங்கு கூடும்.

5/ 1903-ல் இன்னொண்ணு. ரேடியம் தானாகவே சூடு விடுதுன்னு பியர் கியூரியும் லபோர்டும் அளந்தாங்க. பூமிக்குள்ள இந்த வேலையைச் செய்றது யுரேனியம், தோரியம், பொட்டாசியம். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்ல இருக்கிற மோனசைட்ல அதே தோரியம்தான். அது பாதியா குறையவே 1,400 கோடி வருஷம் ஆகும். பூமி வெளிவிடும் உள்சூட்டில் ஏறக்குறைய பாதி இப்படி வர்றதுன்னு 2011-ல் ஜப்பான் ஆய்வு சொன்னது. மீதி, பிறந்தப்போ இருந்த சூடு.

6/ பூமியோட வயசு சுமார் 454 கோடி வருஷம். குறைமாசக் குழந்தை சீக்கிரம் சில்லிட்டுப் போற மாதிரி, சின்ன உருண்டைகளான நிலாவும் செவ்வாயும் நம்மளவிட வேகமா ஆறிப்போச்சு.

7/ இதை ஏன் சொல்றேன்? நம்ம ஊர்ல ஸ்டென்டர் மெஷின் பக்கத்துல ஒருத்தர் இறந்தா, அந்த அனல்ல உடம்பு மெதுவாத்தான் ஆறும். சூத்திரத்தை அப்படியே போட்டா, இறந்து கொஞ்ச நேரம்தான் ஆச்சுன்னு வரும். ஷிப்ட்ல இறந்தவர் ஷிப்ட் முடிஞ்சு இறந்ததா ஆகிடுவார். குடும்பத்தோட நஷ்டஈடு அந்த ரெண்டு மணி நேரத்துல இருக்கு.

8/ அதனால அந்த இடத்துச் சூடு என்னன்னு கேட்காம நான் நேரம் எழுதுறதில்ல. கெல்வின் கேட்காம விட்ட கேள்வியும் அதுதான்: வேற எங்கிருந்தாவது சூடு வருதா?