கிருஷ்ணன் சுமந்த பாரம்

வெற்றிக்குச் சரவெடி கொளுத்துவதும் தோல்விக்கு ஏசுவதும் நம் சிவகாசி வட்டாரத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஸ்காட்லாந்து டென்னிஸ் வீரர் ஆண்டி மரேயை, வென்றால் பிரிட்டானியர், தோற்றால் ஸ்காட்லாந்தியர் என்று கேலி பேசினர். நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனும் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பைச் சுமந்தவரே. 1960, 1961 விம்பிள்டன் அரையிறுதிகளில் அவர் தோற்றார். அவரை வென்ற பிரேசரும் லேவருமே அவ்வாண்டுகளில் பட்டம் பெற்றனர்; இதை யார் நினைக்கிறார்கள்? நான் பெரிதாகக் கருதுவது 1959 நிகழ்ச்சியை. தொழில்முறை ஆட்டக்காரராகும்படி ஜாக் கிரேமர் பெரும்பொருள் தர முன்வந்தார். இசைந்திருந்தால், அக்கால விதிப்படி, டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக ஆட இயலாது. கிருஷ்ணன் மறுத்தார். 1966இல் கல்கத்தாவில், பிரேசிலின் கோக்கிடம் நான்காம் செட்டில் 2–5 எனப் பின்தங்கியும் மீண்டு வென்றார். இந்தியா முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு மெல்போர்ன் சென்றது.