காவிரிப் படுகையில் பிராதும் ஜப்தியும்

1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் நிர்வாகம் இரண்டாம் சரபோஜியிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியபின், வாய்க்கால், வரப்பு, பாகப்பிரிவினை தொடர்பான வழக்குகள் படிப்படியாக ஜில்லா கோர்ட்டுகளுக்கும், 1816ஆம் ஆண்டு ரெகுலேஷனை ஒட்டிப் பரவிய ஜில்லா முன்சீப் கோர்ட்டுகளுக்கும் சென்றன. வழக்கைத் தொடுக்கும் வாதி கொடுப்பது பிராது, அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் பிரதிவாதி, விசாரணைக்குக் குறிக்கும் நாள் வாய்தா, வக்கீலுக்குத் தரும் அதிகாரப் பத்திரம் வக்காலத்து, முடிவில் உரிமையை நிலைநாட்டும் ஆணை டிக்ரி எனப் பல மொழிகளின் வழியே வந்த சொற்கள் மிராசுதார்களின் திண்ணைப் பேச்சிலும் கலந்தன. ஆயினும் சொற்கள் பழகிய அளவுக்குச் சட்டம் பழகவில்லை.

இக்குறையைப் போக்க முனைந்தவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றிய அவர், 1805 முதல் 1861 வரை சதர் கோர்ட் என்னும் அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாக வெளியிட்டார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்றே அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். நியாயம் கேட்டு வருபவருக்கு அவர் மொழியிலேயே நியாயத்தை எடுத்துரைத்த இப்பணி அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

வழக்கில் வென்றவர், அதாவது டிக்ரிதாரர், தீர்ப்பின் பயனை அடைய நிறைவேற்றுதல் மனு போட வேண்டும். அதன்மேல் பிறக்கும் கைப்பற்றுதல் ஆணையே ஜப்தி, அதை நிறைவேற்ற வருபவர் அமீனா. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, விளைச்சலை ஜப்தி செய்யும்போது பயிர் நிற்குமானால் ஆணையின் நகலை அந்த வயலிலும், அறுத்திருந்தால் நெல் கிடக்கும் களத்திலும், இன்னொரு நகலைக் கடனாளியின் வீட்டு வாசற்கதவிலும் ஒட்ட வேண்டும். ஆண்டு முழுதும் பாடுபட்ட குடும்பம் ஊரார் பார்க்க அந்தக் காகிதத்தைச் சுமந்தது. உழுகருவி, உழவுமாடு, விதைநெல் ஆகியவற்றில் பிழைப்புக்குத் தேவையானதைத் தொடக்கூடாது என்று அதே சட்டம் விலக்களித்திருப்பது உழவருக்குக் கிடைத்த சிறு காப்பு.

வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்தவருக்கோ பிராதில் காட்டத் தஸ்தாவேஜே, அதாவது எழுத்து ஆவணமே, இருப்பதில்லை. தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் காக்க 1952இல் தனிச் சட்டம் வந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் சாகுபடிதாரரை வெளியேற்றக் கோரும் வழக்குகளை வருவாய்க் கோட்ட அலுவலரிடம் ஒப்படைத்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் குத்தகைதாரரின் பெயரும் அவர் உழும் நிலமும் அரசுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கின.