பழுவூர் நாடும் உலோகப் பயன்பாடும்

அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரும் அதனை அடுத்த மேலப்பழுவூரும் சோழர் காலத்தில் பழுவேட்டரையர் ஆட்சி செய்த பகுதிகளாகும். கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலும் மேலப்பழுவூர் அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகமும் அக்கால வரலாற்றைக் கல்வெட்டுகளாகத் தாங்கி நிற்கின்றன. அவ்வெழுத்துகளைப் பொறித்தது இரும்பு உளியே. செம்பும் பொன்னும் மென்மையானவை, கருங்கல்லின்முன் நில்லா. கரி சேர்ந்து எஃகாகிக் காய்ச்சித் தோய்க்கப்பட்ட இரும்பே கல்லை வெல்லும்.

இதே மாவட்டத்து மாளிகைமேட்டு அகழாய்வில் சோழர் அரண்மனைச் சுவர்களோடு கூரை ஓடுகளும் இரும்பாணிகளும் வெளிப்பட்டன. சுமை தாங்கும் உறுதி இரும்பின் சிறப்பு. ஈரத்தில் துருவேறுவது அதன் குறை.

திருமேனிகளுக்கோ வேறு இயல்பு வேண்டும். இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் தேவை. செம்புக்கு 1085 பாகை போதும். வெள்ளீயம் கலந்தால் உருகுநிலை மேலும் தாழும். உருகிய குழம்பு மெழுகு நீங்கிய இடமெங்கும் எளிதாக நிரம்பும். ஆகவே தீர்த்தங்கரர் திருமேனிகள் உட்படப் பல படிமங்கள் செம்புக் கலவையில் வார்க்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்துப் பொறித்தனர். பொன் துருவேறாது, களிம்பேறாது. எழுதிய எடை மாறாது.

இவ்வறிவே இல்லங்களிலும் விளங்கிற்று. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளையில் புளி பட்டால் களிம்பேறும். அதனால் பாத்திரங்களின் உட்புறம் ஈயம் பூசினர். இரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. 232 பாகையிலேயே அது உருகுமாதலின், வெறுஞ்சொம்பை அடுப்பிலேற்றலாகாது. காரீயமோ நஞ்சு, உணவுக் கலத்திற்கு ஆகாது. வெள்ளீயம் மிகுந்த வெண்கலம் நல்லோசை தரும்; ஆனால் கீழே விழின் விரிசல் காணும். மணிக்கு அது பொருந்துவதும், குடத்திற்குத் தட்டி வளைக்கத்தக்க பித்தளை பொருந்துவதும் இதனாலேயே.

உருக்கி மீண்டும் வார்க்கலாம் என்பது உலோகத்தின் பெருநன்மை. அதுவே வரலாற்றுக்குக் கேடாகவும் முடிகிறது. கல்லில் வெட்டிய பழுவேட்டரையர் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கிறது. பழங்குடத்தில் வெட்டிய பாட்டியின் பெயர் உலையில் ஒரு நொடியில் மறைகிறது. பழைய பாத்திரங்களை எடைக்குப் போடுமுன் அவற்றிலுள்ள பெயரையும் ஊரையும் ஆண்டையும் படித்து எழுதிவைத்தல் ஒவ்வோர் இல்லத்தின் கடமையாகும். திருமணச் சீராகவும் கோயிற் கொடையாகவும் வந்த அக்கலங்களே, கல்வெட்டில் இடம்பெறாத குடும்பங்களின் சாசனங்கள்.