கைபேசி ஊடகமும் திருச்சபைகளும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கைபேசி வழியாகக் குரல், குறுஞ்செய்தி, ஒலிக்கோப்பு, காணொளி, செயலி ஆகிய வடிவங்களில் மக்களுக்குச் செய்தி கொண்டு செல்லும் முறை கைபேசி ஊடகம் எனப்படுகிறது. அரசுகள், தொண்டு நிறுவனங்கள், சமய அமைப்புகள் ஆகியவை 1990களின் இறுதியிலிருந்து இம்முறையைப் படிப்படியாகக் கைக்கொண்டன. கிறித்தவத் திருச்சபைகளின் பட்டறிவு இதில் தனிக் கவனத்துக்குரியது. அச்சு, வானொலி, ஒலிநாடா எனப் புதிதாக வந்த ஒவ்வொரு கருவியையும் அவை தொடக்கத்திலேயே பயன்படுத்தியுள்ளன. ஒவ்வொரு முறையும் அவை எதிர்கொண்ட வினாக்கள் ஏறத்தாழ ஒன்றே. செய்தி மக்களின் மொழியில் இருக்கிறதா? அவர்கள் கையில் உள்ள கருவியில் அது செல்லுமா? அவர்கள் மறுமொழி சொல்ல வழி உண்டா?

அச்சுக் காலம்

இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ். என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூல்.

தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, அச்சுக்கூடம் இல்லாமல் தம் பணி நிலைக்காது என்று உணர்ந்தார். இலண்டனிலிருந்து ஓர் அச்சு எந்திரம் 1712இல் அங்கு வந்து சேர்ந்தது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டது. உடன் வந்த அச்சுத் தொழிலாளி கடற்பயணத்திலேயே இறந்துபோனார். செருமனியின் ஆல்லே நகரிலிருந்து அனுப்பப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவையாக இருந்ததால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன; அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையும் அமைக்கப்பட்டது. புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் 1714, 1715ஆம் ஆண்டுகளில் இவ்வாறு வெளிவந்தது.

இந்நிகழ்ச்சி ஒரு பாடம் தருகிறது. எந்திரத்தை வரவழைத்தது பணியின் பாதிதான். அதனைத் தமிழுக்கும் இவ்வூரின் தாள் இருப்புக்கும் ஏற்பத் திருத்தியதே மறுபாதி. இருநூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் கைபேசித் திரையிலும் இதே இடர் மீண்டும் எழுந்தது.

வானொலிக் காலம்

வத்திக்கான் வானொலியை மார்க்கோனி அமைத்துத் தர, திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931 பிப்ரவரி 12 அன்று தொடங்கி வைத்தார். மணிலாவை ஒட்டிய கேசோன் நகரில் 1969இல் வேரித்தாசு வானொலி தொடங்கப்பெற்று, பின்னர் தமிழ் உட்பட ஆசிய மொழிகள் பலவற்றில் ஒலிபரப்பியது. செஷல்சுத் தீவுகளிலிருந்து பீபா வானொலியும், இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்டு வானொலியும் தென்னிந்தியாவைக் குறிவைத்து நிகழ்ச்சிகளை அனுப்பின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையை வெளியிட்டது. அதன் வழிவந்த உலகச் சமூகத் தொடர்பு நாள் 1967 முதல் ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது.

வானொலியின் வலிமை அதன் எளிமை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். ஒரு பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் அமரலாம். கேட்பவர் பேச வேண்டுமானால் அஞ்சலட்டை ஒன்றே வழி. அதனால் நேயர் கடிதங்களைத் திறந்து படிப்பதும், விடை எழுதுவதும், நேயர் மன்றங்களைக் கூட்டுவதும் ஒலிபரப்புக்கு இணையான பணிகளாயின. நேயர் தொடர்பு என்று இன்று சொல்லப்படுவதன் வேர் அக்கடிதக் கட்டுகளில் இருக்கிறது.

குறுஞ்செய்தியும் தமிழ் எழுத்தும்

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் கணினி ஒன்றிலிருந்து கைபேசிக்கு அனுப்பப்பட்டது. அது ஒரு கிறித்துமஸ் வாழ்த்து. இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் சோதிபாசு தில்லியில் இருந்த நடுவண் அமைச்சர் சுக்ராமுடன் பேசியதாகும். தொடக்கத்தில் வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்த பின்னரே கைபேசி எளிய மக்களின் கைக்கு வரத் தொடங்கியது.

அக்காலத்தில் பங்குத்தந்தையருக்கும் போதகருக்கும் குறுஞ்செய்தி புதிய அறிவிப்புப் பலகையானது. வழிபாட்டு நேர மாற்றம், இறப்புச் செய்தி, அன்றைய இறைவசனம் ஆகியவை அதில் சென்றன. ஆனால் தமிழில் அனுப்புவது கடினமாக இருந்தது. ஒரு குறுஞ்செய்தியின் அளவு 140 பைட்டுகள். இதில் உரோமன் எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறித் தமிழில் 70 குறியீடுகளே அடங்கும். 'கா' என்னும் எழுத்து மெய்வரிசைக் குறியீடு ஒன்றும் கால் குறியீடு ஒன்றுமாக இரண்டாகக் கணக்கிடப்படும். ஆகவே நீளமான ஓர் இறைவசனம் இரண்டு மூன்று செய்திகளாகப் பிரிந்து, அதற்கேற்பக் கட்டணமும் கூடியது. பல கருவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமையால் செய்தி வெறும் கட்டங்களாகத் தோன்றியது. இதனால் தமிழை உரோமன் எழுத்தில் எழுதும் பழக்கம் பரவியது. முதியோர் பலர் அதனைப் படிக்க இயலாமல் ஒதுங்கினர்.

இக்குறையை நீக்கத் திருச்சபைக்கு வெளியே இருந்த தமிழ்க் கணிமை ஆர்வலர்களே முன்வந்தனர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இல் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டு, கைபேசியில் தமிழில் எழுத வழி திறந்தது. பின்னர் ஐபோன், ஆண்டிராய்டு ஆகிய இயங்குதளங்களிலேயே தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் இடம்பெற்றன.

செயலியின் தோற்றம்

அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் எட்மண்ட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லைஃப் சர்ச் என்னும் திருச்சபை 2007இல் 'யூவெர்ஷன்' என்ற விவிலிய இணையதளத்தைத் தொடங்கியது. அதன் போதகர்களுள் ஒருவரான பாபி குருனிவால்டு இதனை முன்னின்று நடத்தினார். எதிர்பார்த்த வரவேற்பு அத்தளத்துக்குக் கிடைக்கவில்லை. அதனை மூடிவிடலாம் என்று எண்ணிய நிலையில், கைபேசித் திரைக்கேற்ற வடிவம் ஒன்றைச் செய்து பார்த்தனர். மேசைக் கணினியில் விவிலியத்தைத் தேடாதவர்கள், கையில் இருந்த கருவியில் அதனை அடிக்கடி திறந்தனர்.

ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 ஜூலை 10 அன்று திறக்கப்பட்டபோது, தொடக்க நாளிலேயே இடம்பெற்ற இலவசச் செயலிகளுள் யூவெர்ஷனும் ஒன்று. அது 2013 ஜூலையில் பத்துக் கோடி பதிவிறக்கங்களையும், 2021இல் ஐம்பது கோடியையும் எட்டியது. நூலை அப்படியே திரையில் இடுவதுடன் நில்லாமல், நாள்தோறும் படிக்கும் திட்டம், நினைவூட்டல், ஒலி வடிவம், நண்பருடன் பகிரும் வசதி ஆகியவற்றை அச்செயலி சேர்த்தது. பதிப்புரிமை உடைய விவிலியச் சங்கங்களின் இசைவைப் பெற்று மொழிபெயர்ப்புகளைத் தொகுத்ததும் அதன் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணமாகும். தமிழ் மொழிபெயர்ப்புகளும் அதில் இடம்பெற்றன.

தொண்டு நிறுவனங்களின் பட்டறிவு

சமயம் சாராத அமைப்புகளின் முயற்சிகள் திருச்சபைகளுக்கும் வழிகாட்டின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரச் செய்தியை எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி வழியாக மீனவர்களுக்கு அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூருக்குச் சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆழிப்பேரலை பற்றி அறிந்து அவர் எச்சரிக்க, அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் செய்தி சொல்லப்பட்டது. ஏறத்தாழ 3,600 மக்கள் உயிர் தப்பினர். அழைப்பு ஒருவருக்கு வந்தது. ஊரைக் காத்தது அங்கு முன்பே இருந்த மையமும், அதன் குரலை நம்பும் பழக்கமும் ஆகும்.

அந்நிறுவனம் 2007இல் 'மீனவ நண்பன்' என்று பொருள்படும் பெயரில் கைபேசிச் சேவையைத் தொடங்கியது. அலை உயரம், காற்று, சந்தை விலை ஆகியவற்றை அது தமிழில் தந்தது. பின்னாளில் செயலியாக வளர்ந்து, பன்னாட்டுக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியையும் பெற்றது.

சத்தீசுகரில் 2010இல் தொடங்கிய 'சிஜிநெட் சுவரா' பழங்குடி மக்களுக்கான குரல்வழிச் சேவை. ஒருவர் 'மிஸ்டு கால்' கொடுத்தால் போதும். அமைப்பு திரும்ப அழைத்து அவர் சொல்வதைப் பதிவு செய்யும். செலவு அமைப்பைச் சேர்ந்தது. பேச்சு மக்களைச் சேர்ந்தது. நடுவண் அரசு 2016 ஜனவரியில் நாட்டளவில் தொடங்கிய 'கில்காரி' சேவை, கருவுற்ற தாய்மாருக்கு நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறையும் வரை வாரம் ஒரு குரல் செய்தியை இலவசமாக அனுப்புகிறது. மருத்துவர் அனிதா என்னும் கற்பனைப் பாத்திரம் அதில் பேசுகிறது. எழுத்தறிவு தேவையில்லை, திறன்பேசியும் தேவையில்லை.

திறன்பேசிக் காலம்

ரிலையன்ஸ் ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய பின் இந்தியாவில் இணையத் தரவின் விலை பெரிதும் குறைந்தது. வாட்ஸ்அப் குழுக்கள் பங்குகளிலும் அன்பியங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் பெருகின. மறுபுறம் பழைய ஊடகங்கள் விடைபெற்றன. வேரித்தாசு வானொலியின் சிற்றலை ஒலிபரப்பு 2018 ஜூன் 30 அன்று நின்று, அதன் பணி முழுமையாக இணையத்துக்கு மாறியது. செலவு குறைந்தது, தேவைப்படும்போது கேட்கும் வசதியும் வந்தது. ஆயினும் சிற்றலைப் பெட்டி மட்டுமே வைத்திருந்த முதியவருக்கு அன்று குரல் நின்றுபோனது. ஊடகம் மாறும்போதெல்லாம் புதிய நேயர் வருவது கணக்கில் ஏறுகிறது. பழைய நேயர் விடுபடுவது எளிதில் கண்ணில் படுவதில்லை.

பெருந்தொற்று ஆண்டு

கோவிட் பெருந்தொற்றால் இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு குருத்து ஞாயிறு ஏப்ரல் 5, உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12. ஆலயங்கள் மூடப்பட்டிருந்தமையால் புனித வாரம் முழுவதும் வீட்டுத் திரைகளிலேயே கடந்தது. மார்ச் 27 அன்று வெறிச்சோடிய புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியே நின்று மன்றாடிய காட்சியை உலகெங்கும் மக்கள் நேரலையில் கண்டனர். அதுவரை ஒலிவாங்கியைத் தவிர வேறு கருவியைத் தொடாத சிற்றூர்ப் போதகர்களும் கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி வழிபாடு நடத்தக் கற்றனர்.

நேரலையின் எல்லையும் அப்போதே வெளிப்பட்டது. திருப்பாடலைக் கேட்க முடிந்தது. சேர்ந்து பாடியபோது குரல்கள் இணையத் தாமதத்தால் முன்பின்னாகச் சிதறின. நற்கருணையைக் காண முடிந்தது, பெற முடியவில்லை. இறந்தோர் வீட்டுக்குச் சென்று உடன் அமர வழியில்லை. நோயுற்றோரை நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து விசாரித்த பங்குகளில், நேரலையைவிட அந்த அழைப்பே மக்களைத் தாங்கியது.

எல்லைகளும் நெறிகளும்

ஒப்புரவு அருளடையாளத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் செயலி ஒன்று 2011இல் அமெரிக்காவில் வெளியானபோது, கைபேசி வழியே பாவ அறிக்கை செய்ய இயலாது என வத்திக்கான் தெளிவுபடுத்தியது. கருவி துணைநிற்கலாம், அருளடையாளத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதே அதன் நிலைப்பாடு.

இந்தியாவில் பொய்ச் செய்திகள் பரவிக் கும்பல் கொலைகள் நிகழ்ந்ததை அடுத்து, வாட்ஸ்அப் 2018இல் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப இயலாதவாறு கட்டுப்படுத்தியது. வழிபாட்டுக் குழுக்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. நம்பிக்கைக்குரியவர் அனுப்பியதாலேயே ஒரு செய்தி உண்மையெனக் கொள்ளப்படும் ஆபத்து அங்கு கூடுதலாகும். செபவேண்டுதல் என்ற பெயரில் ஒருவரின் நோயும் குடும்பச் சிக்கலும் பல நூறு பேருக்குப் பரவுவதும் உண்டு. தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்ட பின், பெயர், எண் ஆகியவற்றை இசைவு பெற்றுத் திரட்டுவது நன்னடத்தை மட்டுமன்றிச் சட்டம் வகுத்த நெறியும் ஆகியுள்ளது.

சமமின்மை இன்னொரு சிக்கல். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் இந்திய அளவில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர். ஆலயங்களிலும் தன்னுதவிக் குழுக்களிலும் பெருந்தொகையாகக் கூடுவோர் பெண்களே. கைபேசியை மட்டும் நம்பும் அமைப்பு, தன் வலிமையான நேயரையே வீட்டு ஆடவரின் கருவி வழியாக அணுக வேண்டியிருக்கும்.

மதிப்பீடு

தரங்கம்பாடியில் எழுத்தைச் சிறிதாக்கி வார்த்தது, நேயர் கடிதத்துக்கு விடை எழுதியது, இணையதளத்தைக் கைபேசித் திரைக்குச் சுருக்கியது, 'மிஸ்டு கால்' பெற்றுத் திரும்ப அழைத்தது ஆகிய நான்கும் ஒரே நெறியைக் காட்டுகின்றன. மக்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கருவியையும் மொழியையும் செலவிடும் ஆற்றலையும் அறிந்து, அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்ட முயற்சி நிலைத்தது. நல்லவாட்டில் எச்சரிக்கை பயன்பட்டதற்கு, ஒலிபெருக்கியின் குரல் அதற்கு முன்பிருந்தே அன்றாடச் செய்திகளை நேர்மையாகச் சொல்லி வந்ததும் ஒரு காரணம். கைபேசி ஊடகத்தில் இறங்கும் எந்த அமைப்புக்கும் அத்தகைய அன்றாட நம்பிக்கையே முதலாகும்.